பீடிப் புகை போன திசை

பாலவனத்தம் என்று சொன்னால் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். இந்த ஊர் ஜமீன்தார், 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர், வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியபோது கைகொடுத்தவர். மற்றவர்கள் "பாலைவனமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு காலத்து லாரிக்காரர்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படவில்லை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் வேப்பமரத்தடியில் ஒரு வாட்டர் சர்வீஸ் இருந்தது, அங்கே தண்ணி நல்லா அடிப்பாங்க. அவர்கள் அறிந்த பாலவனத்தம் அம்புட்டுத்தான்.

அந்த சர்வீஸ் அப்பாவுடையது. வண்டி ஏற இரண்டு சிமெண்டு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கொட்டகைக்குள் 3 எச்.பி. மோட்டார், அதோடு பெல்ட்டில் ஓடும் மூன்று பிஸ்டன் பம்ப். தோட்டக்காரர்கள் மருந்தடிக்க வைத்திருக்கும் பவர் ஸ்பிரேயரும் இதே சாதிதான். ஒரு கிராங்க் தண்டு சுற்றும். மூன்று பிஸ்டனும் மாற்றி மாற்றிப் போய்வரும். பின்னால் போகும்போது ஒரு வால்வு திறந்து தண்ணீரை இழுக்கும், முன்னால் வரும்போது இன்னொரு வால்வு திறந்து வெளியே தள்ளும். அவ்வளவுதான் வித்தை. தாத்தா காலத்துக் கமலையில் மாடு பின்னால் வர கூனை இறங்கும், முன்னால் போகக் கூனை ஏறும். அதை இரும்புக்குள் அடைத்து நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் தடவை ஓட்டினால் எங்கள் பம்ப். கமலைத் தோலுக்குத் தாத்தா எண்ணெய் போட்ட ஒழுங்கில் பாதிகூட அப்பாவும் நானும் இந்தப் பம்புக்குக் காட்டவில்லை என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கத்து மண்ணைத் தெரியாதவர்களுக்கு எங்கள் தொழிலின் கஷ்டம் புரியாது. செவல் மண் பட்ட வண்டியில் ஒரு வாளி தண்ணீரை வீசினாலே பாதி இறங்கிவிடும். கரிசல் அப்படியில்லை. நனைந்தால் ஊதிப் பெருத்து மாவாகி ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். ஐப்பசி மழையில் உழுதுவிட்டு வரும் டிராக்டரின் மட்கார்டுக்கு அடியில் அரை மூட்டை கரிசல் இருக்கும். கம்பியால் குத்தினால் கம்பிதான் வளையும். அதற்குத் தண்ணீர் உள்ளே போய் ஊறவும் வேண்டும், ஊறியதை அடித்துத் தள்ளவும் வேண்டும், தள்ளியதைச் சுமந்து கீழே கொண்டுவரவும் வேண்டும். மூன்றும் ஒரே பீச்சலில் நடக்க வேண்டும்.

தண்ணீரோ, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்கிற பூமி. அதுவும் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். நல்ல தண்ணீர் ஊருணியில். அதை வண்டி கழுவ எடுத்தால் ஊர் சும்மா விடுமா?

2012ஆம் வருஷம் இந்தக் கதை. தமிழ்நாட்டில் அப்போது கரண்ட் எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. மில்கள் ஜெனரேட்டரில் மூச்சு விட்டன. எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை. சித்தப்பாவின் தோட்டத்தில் கிடந்த பழைய டீசல் எஞ்சினைத் தூக்கி வந்து, மோட்டார் இருந்த இடத்தில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டோம். எஞ்சினில் ஆறு அங்குலப் புல்லி ஏற்கெனவே இருந்தது. பம்பிலும் ஆறு அங்குலம். பெல்ட் பொருந்தியது. பொருந்தியதே போதும் என்று நினைத்தோம்.

கையில் பிடித்து அடிக்கும் கன்னைத் திறந்ததும் தண்ணீர் சீறியது. மோட்டாரில் ஓடியதைவிடப் பிரஷர் அதிகம். "பாத்தியாடா, எஞ்சின்னா எஞ்சின்தான்" என்று அப்பா சொன்னார். நானும் தலையாட்டினேன். கொட்டகைக்குள்ளிருந்து கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் சத்தத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் எங்களுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 23. எங்கள் தொழிலில் வருஷத்துக்கு ஒரு தீபாவளி என்றால் அதுதான். முந்தைய மூன்று நாளும் ராத்திரி பதினோரு மணி வரை வண்டி வரிசையில் நிற்கும். சனிக்கிழமை மதியம், மேடையில் ஒரு பஞ்சு லாரி ஏறி நிற்கும்போது, பம்ப் ஒரு தடவை இடித்தது. அப்புறம் கன்னிலிருந்து தண்ணீர் அழுதது, சீறவில்லை. ஆயில் பார்க்கிற கண்ணாடியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்பா எஞ்சினை அணைத்தார். லாரிக்காரர் பாதி நனைந்த வண்டியோடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடை பெயர் வேண்டாம். "நாற்பது கிலோ பிரஷர் எல்லாம் பழசு தம்பி, இது நூத்தஞ்சு பார்" என்று ஒரு பம்பைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார்கள். கையடக்கமாக, பளபளவென்று இருந்தது. மோட்டார் எவ்வளவு என்று கேட்டார்கள், 3 எச்.பி. என்றேன். தாராளமாக இழுக்கும் என்றார்கள். அது பொய்யில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் ஊர் வந்தபோது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை கரண்ட் இருந்த இரண்டு மணி நேரத்தில் அதை ஓட்டினோம். முதலில் ஏறியது ஒரு குட்டியானை. கன்னை அழுத்தியதும் ஊசிபோல ஒரு கோடு. கதவின்மேல் ஒட்டியிருந்த 'அய்யனார் துணை'யில் 'அய்யனார்' பறந்துபோய் 'துணை' மட்டும் நின்றது. வண்டிக்காரர் "என்ன அண்ணாச்சி, சாமியவே கழட்டிட்டீங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். அடுத்து ஏறிய டிராக்டர்தான் மானத்தை வாங்கியது. கரிசலில் அந்த ஊசிக்கோடு துளை போட்டது. வரிவரியாகக் கிழித்தது. மண் மட்டும் விழவில்லை. முக்கால் மணி நேரம் அடித்தும் மட்கார்டுக்குள் மண் அப்படியே, கீறல் போட்ட பனங்கட்டி மாதிரி.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுத பூஜைக்கு அவர் சைக்கிளைத் துடைக்க எங்களிடம் வரமாட்டார். பொரிகடலை வாங்கப் போகிறவர், கூட்டத்தைப் பார்த்து இறங்கினார். பம்பின் தகட்டைக் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு வாசித்தார்.

"நூத்தஞ்சு பாரு. நிமிசத்துக்குப் பத்து லிட்டர். பழசு எம்புட்டு?"

பழைய பம்பின் தகட்டை அதுவரை நான் வாசித்ததே இல்லை. மண்ணைச் சுரண்டிப் பார்த்தோம். 35 பார், 30 லிட்டர், 950 ஆர்.பி.எம்.

மாமா தரையில் குச்சியால் எழுதினார். முப்பத்தஞ்சு தரம் முப்பது, ஆயிரத்து ஐம்பது. நூற்றைந்து தரம் பத்து, அதுவும் ஆயிரத்து ஐம்பது. "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. ஒரே மோட்டார் ரெண்டையும் இழுக்கும். இது ஊசி, அது உலக்கை. நீ நெல்லுக் குத்த ஊசி வாங்கியாந்திருக்க." அந்த ஆயிரத்து ஐம்பதை அறுநூறால் வகுத்தால் கிலோவாட் என்றும், அதற்குமேல் பெல்ட்டிலும் பம்பிலும் வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்தால் 3 எச்.பி.க்கு உள்ளே அடங்கும் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் எனக்கு நல்ல மார்க். இப்படி ஒரு கணக்கு அதில் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவே. போகிற வழியை நாசில் குறுக்குவதால்தான் பிரஷர் பிறக்கிறது. அதனால் பிரஷர் குறைந்தால் முதலில் பம்பைப் பழிக்காதே, நாசிலைப் பார். மணல் கலந்த தண்ணீர் பித்தளை நாசிலை அரித்துக்கொண்டே இருக்கும். 3 மில்லிமீட்டர் ஓட்டை 3.6 ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரஷர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துளைபோடும் டிரில் பிட்டின் காம்பை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும், ஆட்டம் தெரியும். எத்தனையோ பேர் நூறு ரூபாய் நாசிலுக்குப் பதில் ஏழாயிரம் ரூபாய்ப் பம்பை மாற்றுகிறார்கள் என்றார். நாங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்களா என்று அவர் கேட்கவில்லை. அப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீசல் எஞ்சின் கதையையும் அவரே பிரித்தார். மோட்டார் 1440 சுற்று. மோட்டாரில் நாலு அங்குலப் புல்லி, பம்பில் ஆறு. ஆக பம்புக்கு 960. சரியான அளவு. எஞ்சின் 1500, இரண்டு பக்கமும் ஆறு, ஆக பம்புக்கும் 1500. வால்வு மூடி முடிக்குமுன் பிஸ்டன் திரும்பி வந்துவிடும். தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து சேருமுன் பிஸ்டன் பின்னால் போய்விடும். அந்த வெற்றிடத்தில் தண்ணீருக்குள் குமிழி உண்டாகி, உடைந்து, உலோகத்தைக் கொத்தும். அதுதான் நாங்கள் கேட்ட கூழாங்கல் சத்தம். அதிகப் பிரஷர் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு மணி நேரமும் பம்ப் தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

மதுரைக் கடையில் விற்ற சாமானைத் திரும்ப எடுக்கவில்லை. ஆயுத பூஜையைப் பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவரின் மருந்தடிக்கும் பம்பை வாடகைக்கு வாங்கி ஒப்பேற்றினோம். தீபாவளி கழித்துதான் வேறு பம்ப் வாங்கினோம். இந்தத் தடவை மாமாவும் கூட வந்தார். ஒரு மஞ்சள் பையில் பழைய புல்லியையும், நூலில் முடிச்சுப் போட்ட அளவுகளையும் கொண்டுவந்தார்: கால் பதிக்கிற போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், தண்டின் தடிமன், சாவிக்காடி அகலம், தண்ணீர் உள்ளே வரும் குழாயின் அளவு. பம்பின் வயிற்றில் அம்புக்குறி எந்தப் பக்கம் சுற்றச் சொல்கிறது என்று பார்த்தார். உள்ளே வரும் வழி வெளியே போகும் வழியைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கடைக்காரர் பிரஷரைப் பற்றிப் பேசப் பேச, இவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "இதுக்கு வாசரும் வால்வும் அருப்புக்கோட்டையில கிடைக்குமா?"

வெளிநாட்டுப் பம்ப் ஒன்று அங்கே இருந்தது. பீங்கான் பிஸ்டன், பித்தளைத் தலை. எடுத்துப் பார்த்தால் வைக்க மனம் வராது. மாமாவும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பொண்ணுதான், நம்ம வீட்டுல குப்ப கொட்டாது" என்று வைத்துவிட்டார். கடைசியில் வாங்கியது கோயம்புத்தூர் பம்ப். பீங்கான் பிஸ்டன் அதிலும் இருந்தது. உப்புத் தண்ணீரில் இரும்பு பிஸ்டன் புள்ளி விழுந்து, புள்ளி வாசரை அறுக்கும், பீங்கானை உப்பு தொடாது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவிலேயே செய்த மோட்டாரை ஓட்டிக் காட்டிய ஊர் அது. அன்றிலிருந்து தமிழ்நாட்டுக் கிணறுகளின் மூச்சு அங்கேதான் வார்க்கப்படுகிறது. பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதைச் சரிபார்க்கப்போகிற கையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. கழற்றத் தெரிந்த ஆள் பத்து கிலோமீட்டருக்குள் இல்லாத பம்ப், எவ்வளவு உசத்தியானாலும், எங்களுக்கு அலங்காரப் பொருள்.

புதுப் பம்பை மாட்டினோம். மோட்டாரில் ஓட்டினோம். மீட்டரின் முள் நடுங்கியது. கன் கையில் துடித்தது. கூழாங்கல் சத்தம், மெதுவாக, மறுபடியும்.

அப்பா ஒன்றும் பேசாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மாமா மட்டும் அசரவில்லை. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஓஸைத் தடவிக்கொண்டே போனார். எங்கும் ஈரம் இல்லை. ஒழுகல் இல்லாத ஓஸில் என்ன கோளாறு இருக்கும் என்று நான் நினைத்தேன். மாமா ஒரு பீடியைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நுனியை ஓஸ் பக்கத்தில் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். புகை நேராக மேலே போனது. போனது. கிளாம்புக்கு ஒரு சாண் தள்ளி, ஓஸ் வளைகிற இடத்தில், புகை மேலே போகாமல் சட்டென்று ஓஸுக்குள் நுழைந்தது.

மயிரிழைக் கீறல். தள்ளுகிற பக்கத்து ஓஸ் என்றால் தண்ணீர் பீய்ச்சிக் காட்டிக் கொடுத்திருக்கும். இழுக்கிற பக்கம் என்பதால் அது காற்றைக் குடித்துக்கொண்டு ஊமையாக இருந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும். பழைய பம்பைக் கொன்றதில் எஞ்சினுக்குப் பாதிப் பங்கு என்றால் இதற்கு மீதிப் பாதி. அந்த ஓஸின் விலை நானூறு ரூபாய். மாமா பீடியை அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு, "சட்டைய மாத்துறதுக்கு முன்னாடி சிரங்க பாக்கணும்" என்றார்.

அதன்பிறகு பம்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை ஆனது. காலையில் ஆயில் கண்ணாடியைப் பார்ப்பேன். பாதிக்குக் கீழே இறங்கினாலும், வெளுத்தாலும் அன்றைக்கு ஓட்டுவதில்லை. கிரீஸ் கப் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. முதல் ஐம்பது மணி நேரத்தில் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தார் மாமா, புதுக் கிராங்க்கும் புதுப் பேரிங்கும் தேய்ந்து விடுகிற இரும்புப் பொடி அதில்தான் சேரும் என்று. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்; கோலப்பொடி மாதிரி மினுங்கியது. மோட்டாரைப் போடும்போது கன்னைத் திறந்தபடி போடுவேன், எடுத்தவுடன் சுமை ஏறாது. கன்னை மூடிவிட்டு டீ குடிக்கப் போவதை நிறுத்தினோம். மூடிய கன்னோடு ஓடினால் அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிக் கொதிக்கும், வாசர் வெந்துவிடும். வெளிநாட்டுப் பம்போடு வரும் புத்தகங்களில் குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து தலை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம் முழுக்க இருக்கும். எங்களுக்கு எதிரி அக்னி நட்சத்திரம். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஓஸில் தண்ணீர் சுடும். சுடுதண்ணீரில் அந்தக் குமிழி சீக்கிரம் வரும். அதற்காகத் தொட்டிக்குக் கிடுகுப் பந்தல் போட்டோம்.

உப்பு வேறு சமாச்சாரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வுகளைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கும். முதல் தடவை நான் அரம் எடுத்துச் சுரண்டப்போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டார். விளக்குத் தேய்க்க ஊறவைத்திருந்த புளியில் வால்வுகளையும் போட்டார். மறுநாள் திண்ணையில் குத்துவிளக்கும் பம்ப் வால்வும் ஒரே பளபளப்பில் வரிசையாகக் காய்ந்தன. பின்னால் பலசரக்குக் கடை எலுமிச்சை உப்புக்கு மாறினோம், வேலை சீக்கிரம் முடியும் என்று. ரொம்ப நேரம் ஊறினால் பித்தளை சிவந்துபோகும் என்பதால் அம்மா அதையும் சாதம் வடிக்கிற கவனத்தோடு பார்ப்பார்.

அதைவிடப் பெரிய வைத்தியம் அம்மாவே கண்டுபிடித்தது. ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீர் பம்புக்குள் நின்று காய்வதால்தானே பூக்கிறது? கடை மூடும்போது ஒரு வாளி ஊருணித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டால்? ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளியைப் பம்பின் காலில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம் ஓஸைத் தொட்டியிலிருந்து எடுத்து அந்த வாளிக்குள் விட்டு, சில நொடி ஓட்டுவோம். வீட்டில் குடத்துக்குக் கணக்கு இருந்த காலம். "வண்டிக்கா நல்ல தண்ணி ஊத்துறீக?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். "வண்டிக்கு இல்ல மதினி, பம்புக்கு" என்றார் அம்மா. அத்தை அதை நியாயமான பதிலாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. அம்மா தன் குளியலிலிருந்து அந்த வாளியைக் கழித்துக்கொண்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது மதுரையில் இருக்கும் அக்கா மகன் வீட்டுக்கு ஒரு சின்ன பிரஷர் வாஷர் வாங்கி வைத்திருக்கிறான். ஜெர்மனியில் கேர்ஷர் கம்பெனி 1950இல் சுடுதண்ணீர் இயந்திரமாகச் செய்யத் தொடங்கிய இந்த வகை, 1984இல் கையில் தூக்குகிற அளவுக்குச் சுருங்கி, இன்று மொட்டைமாடி கழுவும் சாமானாகிவிட்டது. அவனுடையதில் கிராங்க் இல்லை. சாய்ந்த தட்டு ஒன்று சுற்றிப் பிஸ்டன்களைத் தள்ளும். பிரஷர் வரவில்லை, பம்பை மட்டும் மாற்றலாமா என்று போனில் கேட்டான். மாடல் நம்பர் சொன்னான், பார் சொன்னான், தள்ளுபடி சொன்னான். நாசிலை ஊசியால் குத்தினாயா, தண்ணீர் உள்ளே வரும் சல்லடையைக் கழுவினாயா, எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். போர் தண்ணீர் மாமா என்றான். சல்லடை முழுக்க வெள்ளை. எலுமிச்சை உப்பில் ஊறவைத்ததும் ஓடிவிட்டது.

அப்பா போனபிறகு சர்வீஸை நடத்த ஆள் இல்லை. மேடைகள் இன்னும் இருக்கின்றன, ஆடு ஏறி நிற்கும். பம்பை மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மருந்தடிக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன். வாசர் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம், வேறு குறை இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

"பம்பு நல்லா ஓடுது தம்பி. கால்ல ஒரு வாளி கட்டித் தொங்குதே, அது என்னத்துக்கு? அவுத்துறவா?"

உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"உப்புதான்" என்றார்.

அவிழ்க்க வேண்டாம் என்றேன்.